யாங்கோனில் சிவப்புக் கல் சோதிக்க ஒரு நல்ல இடம்

வீட்டில் சிவப்புக் கல் வைத்த பழைய நகை இருந்து, அதை விற்கவோ பங்கு பிரிக்கவோ போகிறீர்கள் என்றால், தட்டாரிடம் போவதற்கு முன்பு, சோசியரிடம் போவதற்கு முன்பு, இந்தச் சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டு வாருங்கள். நானே தட்டார் வேலை செய்பவன்தான். தாத்தா காலத்திலிருந்து யாங்கோனில் எங்களுக்குப் பட்டறை இருக்கிறது. கண்ணால் பார்த்தே கல்லைச் சொல்லிவிடும் பெரியவர்களிடம் தொழில் கற்றவன். அந்தக் கண்ணுக்கு மரியாதை உண்டு, ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் வேலை செய்கிறவர்கள் இவர்கள்.

இடம் போஜோ சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. 1926-ல் கட்டிய சந்தை அது, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ஸ்காட் மார்க்கெட் என்றுதான் சொல்வார்கள். கீழே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை, மேலே இரண்டாவது மாடியில் கூடம். நடத்துகிற அம்மையார் விளம்பரம் விரும்பாதவர், அதனால் பெயர் போடவில்லை. சந்தையில் எந்தக் கல் கடைக்காரரைக் கேட்டாலும் "சயாமா இடமா?" என்று கை காட்டுவார்கள். படித்த பெண்களையும் ஆசிரியைகளையும் இங்கே மரியாதையாக சயாமா என்போம்.

நான் இந்த இடத்தை இவ்வளவு மெச்சுவதற்குக் காரணம் அவர் தரும் அறிக்கை. அரைப் பக்கத் தாள், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, கல்லை அளந்து கிடைத்தது மட்டும் இருக்கும்: எடை, ஒளிவிலகல் எண், அடர்த்தி, உருப்பெருக்கியில் உள்ளே தெரிந்தவை, இவற்றிலிருந்து அது என்ன கனிமம் என்பது. கோட்டுக்குக் கீழே "எங்கள் கருத்து" என்று தலைப்பு. நிறத்துக்கு வியாபாரத்தில் வழங்கும் பெயர், எந்த ஊர்ச் சுரங்கத்துக் கல்லாக இருக்கலாம், நிறம் எடுப்பாகத் தெரியச் சூடு காட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே. முடிவு சொல்ல முடியாததை "சொல்ல இயலவில்லை" என்று எழுதிவிடுவார். சந்தையில் சில கடைகள் கல்லோடு சேர்த்துத் தரும் பளபளப்பான அட்டைகளில் இந்தப் பிரிவினை இருக்காது. எடையும் ஊரும் நிறத்தின் பெயரும் ஒரே எழுத்தில், ஒரே நம்பிக்கையோடு வரிசையாக நிற்கும்.

இந்தக் கோடு ஏன் முக்கியம் என்பதைப் போன மழைக்காலத்தில் நடந்த ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன்.

காளி கோயிலில் பழக்கமான பெரியம்மா ஒருவர் மூன்று கல் மோதிரம் ஒன்று கொண்டு வந்தார். நடுவில் பெரிய சிவப்புக் கல், இரண்டு பக்கமும் சின்னச் சிவப்புக் கல். அவருடைய மாமனார் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, முதலாளி ஊருக்குக் கப்பல் ஏறும் முன்பு சம்பளப் பாக்கிக்குப் பதிலாகக் கொடுத்த மோதிரம் என்று வீட்டில் பேச்சு. மொகோக் மாணிக்கம், அதாவது மேல் பர்மாவில் பேர்போன சுரங்க ஊர்க் கல், என்றே மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பேத்திக்குக் கல்யாணம். நடுக்கல் ஒரு மகன் வீட்டுக்கு, பக்கக் கற்கள் இன்னொரு மகன் வீட்டுக்கு என்று பிரிக்க வேண்டும். கல்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நானும் கூடவே போனேன். பெரியம்மாவின் பேரனும் வந்தான், பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிற பையன்.

மாடிப்படி ஏறும்போதே அவன் ஆரம்பித்துவிட்டான். "மாமா, மாணிக்கம்ங்கிறதே ஆளுங்க கூடிப் பேசி வெச்சதுதானே? ஒரு காலத்துல எல்லாச் சிவப்புக் கல்லும் மாணிக்கம். அப்புறம் யாரோ ஒரு வெள்ளைக்காரன் வந்து கோடு கிழிச்சான். பாட்டிக்குத் தெரிஞ்சது ஓர் அறிவு, சயாமாவுக்குத் தெரிஞ்சது ஓர் அறிவு. இதுல எது உசத்தின்னு முடிவு பண்றது யாரு? காசும் கருவியும் யார்கிட்ட இருக்கோ அவங்கதானே?"

பையன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாணிக்கமும், அதைப் போலவே சிவந்திருக்கும் ஸ்பினல் என்ற கல்லும் வேறு வேறு கனிமம் என்று 1783-ல் பிரித்துக் காட்டியவர் ரோமே த லீல் என்ற பிரெஞ்சுக்காரர். அதுவரை ஐரோப்பிய அரண்மனைகளில் இரண்டையும் பெரும்பாலும் மாணிக்கம் என்றே சொன்னார்கள். இங்கிலாந்து அரச கிரீடத்தின் முன்பக்கம் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று ஒரு பெரிய கல் இருக்கிறதே, அது ஸ்பினல். இன்றும் பெயரை யாரும் மாற்றவில்லை. எதற்கு என்ன பெயர், எது உயர்ந்தது, எது எத்தனை லட்சம் என்பதெல்லாம் மனிதர்கள் செய்த ஏற்பாடுதான். இதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன், தினமும் அதில்தான் பிழைக்கிறேன்.

ஆனால் கோடு கிழித்தது வெள்ளைக்காரன் என்பது சரியில்லை. மொகோக்கில் மண்ணைக் கழுவிக் கல் பொறுக்குகிறவர்கள் ஸ்பினலை மாணிக்கத்தோடு சேர்க்க மாட்டார்கள். இரண்டும் அதே பளிங்குப் பாறையிலிருந்து, அதே சரளை மண்ணில் வருகின்றன. ஆனால் ஸ்பினல் எட்டு முகம் வைத்து, தேய்த்து மெருகு போட்ட மாதிரியே மண்ணிலிருந்து வெளியே வரும். ஆவிகள் தேய்த்துக் கொடுத்தது என்று அங்கே சொல்வார்கள். பாரிஸ்காரருக்கும் மொகோக்காரருக்கும் பொதுவான பாஷையும் இல்லை, பொதுவான சாமியும் இல்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் பிரித்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பிரிவு கல்லிலேயே இருந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் பையனிடம் சொல்லி வாதாடவில்லை. சயாமாவே அவனைத் தராசுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். இந்தக் கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது. வந்தவர் கேள்வி கேட்டால் கருவியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

முதலில் புற ஊதா விளக்கு. மூன்று கல்லும் இருட்டில் கங்கு கனன்ற மாதிரி சிவந்து ஒளிர்ந்தன. பெரியம்மா முகத்தில் நிம்மதி. "இது குரோமியம் இருக்குன்னுதான் சொல்லுது, வேற எதுவும் சொல்லலை" என்றார் சயாமா. மாணிக்கத்துக்கும் சிவப்பு ஸ்பினலுக்கும் நிறம் தருவது அதே குரோமியம்தான். கூடப் போன நாங்கள் மூன்று பேரும் ஒரே மனதாக "மாணிக்கம்" என்று சொல்லியிருப்போம். எல்லாரும் ஒத்துக்கொண்டது மட்டும் போதாது என்பது அங்கேயே தெரிந்தது.

பிறகு தராசு. சாமணத்தால் நடுக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தான். 2.16 கேரட். அடுத்து, தண்ணீர்க் குவளைக்குள் தொங்கும் மெல்லிய கம்பிக் கூடையில் வைக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர், அதில் ஒரு துளி சோப்புத் திரவம். கல்லின் மேல் ஒரு குமிழ் ஒட்டியிருந்தாலும் எடை குறைத்துக் காட்டும். சயாமா சின்னத் தூரிகை ஒன்றைக் கொடுத்து, தண்ணீருக்குள்ளேயே குமிழைத் தட்டிவிடச் சொன்னார். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தான். 1.56. தண்ணீரில் குறைந்த எடை 0.60. முதல் எடையை இதால் வகுக்க வேண்டும். கைப்பேசியில் போட்டான்: 3.60.

"மாணிக்கமா இருந்தா 4.00 பக்கம் வரணும். தண்ணியில 1.62 காட்டியிருக்கும்" என்றார் சயாமா. ஸ்பினலுக்கு 3.60.

பையன் விடுவானா? "கேரட்டே மனுஷன் வெச்ச அளவுதானே சயாமா?" என்றான். நல்ல கேள்வி. முன்னாளில் ஊருக்கு ஊர் கேரட் மாறும். 200 மில்லிகிராம் என்று உலகத்துக்குப் பொதுவாக முடிவானது 1907-ல்தான். எங்கள் சந்தையில் இன்றும் பழைய ஆட்கள் ரத்தியில்தான் பேசுவார்கள், ஒரு ரத்தி ஏறக்குறைய 0.91 கேரட். "அப்போ ரத்தியில போட்டுப் பாரு" என்றார். இரண்டு எடையையும் ரத்திக்கு மாற்றினான். எண்கள் எல்லாம் மாறின. வகுத்தான். மறுபடியும் 3.60. கிராமில் போட்டான், 3.60. கொஞ்ச நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த அளவில் எடை போடுவது என்பது நம் இஷ்டம். அந்தக் கல் தன் பருமனுக்குத் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதில் நம் இஷ்டம் நுழைய இடமே இல்லை.

அப்புறம் ரிஃப்ராக்டோமீட்டர், கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் கைப்பெட்டி. ஒரு சொட்டுத் திரவம் விட்டு, கல்லின் தட்டை முகத்தை அதன் மேல் வைத்து, குழாய் வழியாகப் பார்த்தால் அளவுகோலில் நிழலின் விளிம்பு விழும். நடுக்கல்லுக்கு 1.718-ல் ஒரே விளிம்பு, கல்லைச் சுற்றினாலும் அசையவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லை, ஸ்பினல்.

பக்கக் கற்களை வைத்தபோது இரண்டு விளிம்பு, 1.762, 1.770. கல்லைத் திருப்பத் திருப்ப ஒன்று நகர்ந்தது. குருந்தம், அதாவது மாணிக்கத்தின் கனிமம். பெரியம்மாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் உருப்பெருக்கியில் வைத்ததும் சயாமா பேசாமல் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே இசைத்தட்டின் வரிகள் மாதிரி வளைந்த கோடுகள், அங்கங்கே உருண்டைக் குமிழ்கள். உலையில் செய்த மாணிக்கம். 1902-ல் வெர்னொய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அறிவித்த முறை: அலுமினா தூளைச் சுடர் வழியாகக் கொட்டி, கீழே உருகி உருகிச் சேர வைப்பது. சேர்கிற மேற்பரப்பு வளைந்திருப்பதால் வரிகளும் வளைந்திருக்கும். மண்ணுக்குள் வளர்கிற படிகத்தில் வரிகள் நேராக, கோணம் கோணமாகத்தான் இருக்கும். 1907-க்குள்ளேயே இந்த உலைக் கற்கள் ஆண்டுக்கு 1,000 கிலோ அளவுக்கு வந்துவிட்டன. செட்டியாரை யாரோ ஏமாற்றினார்களா, அவர் தெரிந்தே வாங்கினாரா என்பதை அந்தக் கோடுகள் சொல்லாது.

"அப்போ எதுதாம்மா நிசம்?" என்று பெரியம்மா கேட்டார். குரல் உடைந்திருந்தது.

சயாமா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார், பெரியம்மாவுக்குப் புரியாத இடத்தில் நான் தமிழில் சொன்னேன். நடுக்கல் பூமியில் விளைந்தது, ஆனால் மாணிக்கம் இல்லை. பக்கக் கற்கள் பொருளால் மாணிக்கம், ஆனால் பூமியில் விளையவில்லை. பூமியில் விளைந்ததற்கு அதிக விலை கொடுப்பது மனிதர்களின் ஆசை, வேறு உலகத்தில் வேறு விதமாக இருந்திருக்கலாம். எது விளைந்தது, எது உலையில் வந்தது என்பது மட்டும் யாருடைய ஆசைக்கும் கட்டுப்பட்டதில்லை. அந்த வளைந்த கோடுகள் மோதிரம் கைமாறிய அன்றும் உள்ளே இருந்தவைதான். பெரியம்மா வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார்கள். மோதிரம் யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தார் என்ற விஷயத்தில் எந்தக் கருவியைவிடவும் அந்த வீட்டுப் பேச்சுதான் சாட்சி. கல் என்ன கல் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

தட்டார் என்ற முறையில் எனக்கு இது தத்துவ விஷயம் மட்டும் இல்லை. மாணிக்கம் பதித்த மோதிரத்தைப் பற்றவைக்கும்போது வெங்காரம் கல்லில் படாமல் பார்த்துக்கொண்டால் கல் சூட்டைத் தாங்கும். ஆனால் சுமார் இருபது ஆண்டுகளாகச் சந்தையில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள் புழங்குகின்றன. விரிசல் விழுந்த மட்டக் கல்லில் கண்ணாடியை ஓடவிட்டுத் தெளிவாக்கியது. பார்வைக்கு அழகாக இருக்கும். ஊதுகுழல் சூடு பட்டால், ஏன், எலுமிச்சைச் சாற்றில் கிடந்தால்கூட, அந்தக் கண்ணாடி கெட்டுக் கல் பல்லிளித்துவிடும். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது, விற்றவர் எவ்வளவு பெரிய மனிதர், வாங்கியவர் எவ்வளவு நம்பினார் என்பதைச் சுடர் கேட்பதில்லை. எல்லாமே பேச்சால் கட்டியது என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் எங்கள் பட்டறையில் வந்து உட்கார வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன். ஈயக் கண்ணாடியை இந்தக் கூடத்தில் உருப்பெருக்கியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கல்லைச் சாய்க்கும்போது விரிசலுக்குள் நீலமாக ஒரு மின்னல் ஓடும்.

இனி கோட்டுக்குக் கீழே உள்ள பாதி. அதையும் சயாமா அலட்சியமாக எழுதுவதில்லை. சிவப்புக் குருந்தம் மாணிக்கம், வெளிர் சிவப்பு என்றால் பிங்க் சஃபையர். எந்த இடத்தில் வெளிர் முடிந்து சிவப்பு தொடங்குகிறது? இயற்கை அங்கே வேலி எதுவும் போடவில்லை. அதனால்தான் கனிமத்தின் பெயர் மேலேயும் வியாபாரப் பெயர் கீழேயும் வருகிறது. 'புறா ரத்தம்' என்ற நிறப் பெயரும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தில் இரண்டு பெரிய சோதனைக்கூடங்கள் 2015-ல் கூடிப் பேசித்தான் அந்தப் பெயருக்கு ஒரே அளவுகோல் வைத்தன. மற்ற கூடங்கள் கோட்டை வேறு இடத்தில் போடுகின்றன. ஒரே கல் ஒரு தாளில் புறா ரத்தமாகவும் இன்னொரு தாளில் வெறும் சிவப்பாகவும் வரலாம், இரண்டிலும் பொய் இல்லை. விலை மட்டும் எங்கோ போய்விடும்.

ஊர்ப் பெயர் இன்னும் சிக்கலானது. கல் ஏதோ ஓர் ஊரில்தான் விளைந்திருக்கும், அது நடந்து முடிந்த உண்மை. ஆனால் நமக்குக் கிடைப்பது தடயம்தான். மொகோக் பளிங்கில் இரும்பு குறைவு, அதனால் அந்த மாணிக்கம் புற ஊதா விளக்கில் பலமாக ஒளிரும். தாய்லாந்துக் கல்லில் இரும்பு அதிகம், மங்கலாக இருக்கும். 2009-க்குப் பிறகு மொசாம்பிக் கற்கள் வந்து கணக்கைக் குழப்பிவிட்டன. உள்ளே பட்டு இழை மாதிரி தெரியும் ஊசிகளையும் மற்றப் படிகங்களையும் பார்த்துத்தான் சயாமா ஊர் சொல்கிறார், "கருத்து" என்றே சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்குக் கனம் அதிகம். 2008 முதல் 2016 வரை பர்மா மாணிக்கத்தை அமெரிக்கா இறக்குமதி செய்ய விடவில்லை. இங்கே விலையை ஏற்றிய அதே ஊர்ப் பெயர் அங்கே கல்லை வாசலிலேயே நிறுத்தியது. இவ்வளவு இருந்தும், தடயம் போதாத இடத்தில் இவர் ஊர் எழுத மறுத்ததையும், அதனால் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தைத் தாங்குகிற நேர்மைக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

குறைகளும் சொல்ல வேண்டும். பெரிய ஆய்வுக் கருவிகள் இல்லை. குறைந்த சூடு காட்டிய கல்லையும் ஊர் விவகாரத்தில் இழுபறியான கல்லையும் பாங்காக்குக்கு அனுப்பச் சொல்லிவிடுவார், அது செலவு. மின்வெட்டு நேரத்தில் பேட்டரியில் ஓட்டுகிறார்கள், அதுவும் தீர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான். படி செங்குத்து, கைப்பிடி ஆடுகிறது, வயதானவர்களைக் கூட்டிப்போனால் கூடவே ஏறுங்கள். அறிக்கை பர்மியத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கிறது. கோயில் வட்டாரத்துப் பாட்டிகளுக்காகத் தமிழில் ஒரு விளக்கத் தாள் போட்டால் நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கட்டணம் சுவரில் ஒட்டியிருக்கிறது. கல்லின் அளவைப் பொறுத்தது, விலையைப் பொறுத்ததில்லை. மாணிக்கம் என்று வந்தாலும் கண்ணாடி என்று வந்தாலும் அதே காசு. அவர் கல் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. விலை என்ன பெறும் என்று கேட்டால் சொல்லவும் மாட்டார்.

பெரியம்மா வீட்டில் பங்கு வேறு விதமாக முடிந்தது. மோதிரத்தைப் பிரிக்கவில்லை. நல்ல சிவப்பு ஸ்பினலுக்கு இன்று வெளியூரில் கிராக்கி என்று நான் சொன்ன பிறகும் விற்க மனம் வரவில்லை. மூன்று கல்லையும் மறுபடி பதித்துக் கொடுத்தேன், பேத்திக்குப் போட்டார்கள். அறிக்கையையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கச் சொன்னது பேரன்தான். இன்னொரு மகன் வீட்டுக்கு ஈடாகப் பவுன் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

போகிறவர்கள் கல்லை நகையிலிருந்து கழற்றிக்கொண்டு போங்கள். பதித்த கல்லைத் தனியாக எடை போட முடியாது, பின்புறம் மூடித் தகடு வைத்த பழைய வேலையில் நிறமே ஏமாற்றும். கழற்றும் முன்பு எந்தக் கல் எந்தக் குழியில் இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் கூட்டம் குறைவு. தாள் கைக்கு வந்ததும் கீழ்ப்பாதியில் ஒவ்வொரு வரிக்கும் "எதைப் பார்த்து இப்படி எழுதினீர்கள்?" என்று கேளுங்கள். சயாமா கோபிக்க மாட்டார், எழுந்து உருப்பெருக்கியை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார்.